நாற்பத்தேழாம் நோட்டு

சலவை சோடா கரைத்த தண்ணீரில் கையை விட்டு எடுத்தால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்காமல் வழுக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவினாலும் அந்த வழவழப்பு போகாது. கொஞ்ச நேரம் கழித்துத் தோல் காய்ந்து சுருங்கும்போது ஏலக்காய் வாசனையும் சோடாவின் காரமும் கலந்து நகக்கண்ணில் தங்கியிருக்கும். போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டக்காரர் வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த வழுக்கல் தெரியும். பறித்து வந்த பச்சைக்காயை அப்படியே சூட்டில் காயவைத்தால் நிறம் வெளுத்துவிடும், வெளுத்த காயை வியாபாரி கையால்கூடத் தொடமாட்டான், அதனால் உலர்த்தும் அறைக்குள் அனுப்புவதற்கு முன்னால் காயைச் சோடாத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டு எடுப்பார்கள். காய் பச்சையாகவே காயும். என் விரல்களுக்கு அந்த வழுக்கல் இன்றைக்கும் நினைத்தவுடன் வந்துவிடுகிறது.

என்னிடம் இப்போது நானூற்றுச் சொச்சம் பழைய நோட்டுகள் இருக்கின்றன. எல்லாம் சில்லறை நோட்டுகள்தான். புலி நிற்கும் பழைய இரண்டு ரூபாயை எங்கள் தெருவில் ‘புலி’ என்போம். உழுகிற வண்டி போட்ட ஐந்து ரூபாய் ‘டிராக்டர்’. கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடை இருக்கிற ஒரு ரூபாய் ‘கப்பல்’. அது கப்பல் இல்லை என்று எனக்குத் தெரிந்தபோது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. பெரிய நோட்டுகளின்மேல் எனக்கு ஆசை கிடையாது. இந்தப் பழக்கம் எப்படி ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால், ‘சின்ன வயசிலிருந்தே’ என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். கேட்டவர்களும், பரவாயில்லையே என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மிச்சத்தை இதுவரை ஒரே ஒருத்தியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்னை யாருக்கும் பிடிக்காது, எனக்கே என்னைப் பிடிக்காத விஷயம் அது.

எங்கள் தோட்டம் போடிமெட்டைத் தாண்டி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வாரத்தில் ஆறு நாள் ஆட்கள் அங்கேயே ‘லயம்’ என்கிற வரிசை வீடுகளில் தங்குவார்கள். சனிக்கிழமை பொழுது சாய ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கீழே இறங்குவார்கள். காய்பறிப்பு மும்முரமான மாதங்களில் மட்டும் ஞாயிறும் மேலேயே இருந்துவிடுவார்கள். எங்களுக்குச் சித்திரை ஒன்று என்றால் மலையாளத்தாருக்கு விஷு. அன்றைக்குப் பெரியவர்கள் சின்னவர்கள் கையில் காசு கொடுப்பதற்கு அவர்கள் ‘கைநீட்டம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டங்களில் நடப்பதைப் பார்த்து எங்கள் ஆட்களும் அதை எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள், அப்பாவும் மறுக்க முடியாமல் கொடுக்க ஆரம்பித்தார். அப்பாவின் தாராளம் ஊரறிந்தது. ஆளுக்கு ஒற்றை ரூபாய். ஆனால் மடிப்பே விழாத புது நோட்டு. ஒரு ரூபாய் நோட்டு அச்சடிப்பது நின்றுபோய்ச் சில வருடங்கள் ஆகியும், மொய்க்கவரில் வைப்பதற்கென்று வாங்கிப்போட்ட ஒரு கட்டு அவர் பீரோவில் இருந்தது. கைநீட்டமாக வாங்கிய காசை அடுத்த சித்திரை வரைக்கும் செலவழிக்கக் கூடாது, செலவழித்தால் வருடம் முழுக்கக் கையில் எதுவும் தங்காது என்பது ஆட்களிடம் இருந்த நம்பிக்கை. அப்பாவுக்கும் அந்த நம்பிக்கை மிகவும் பிடித்திருந்தது. செலவழிக்காத காசு என்பதால் ஒற்றை ரூபாய் போதும் என்று சொல்ல அவருக்கு அது வசதியாக இருந்தது.

எனக்குப் பதினோரு வயதான அந்தச் சித்திரையில் அப்பா, காயை உலர்த்திச் சேர்த்துவைக்கும் தோட்டத்து ஸ்டோர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பத்து நோட்டுகள் கொடுத்தார். முதல் நோட்டு எனக்கு. பின்னால் ஒன்பது ஆட்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக வாங்கினார்கள். எனக்கு வந்த நோட்டின் எண் நாற்பத்தொன்றில் முடிந்தது. எனக்குப் பின்னால் ஆறாவதாக நின்று வாங்கியவர் கருப்பையா, என் வகுப்பில் படித்த பேச்சியின் அப்பா.

ஏலச்செடிக்கு வெயிலும் ஆகாது, முழு இருட்டும் ஆகாது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் நிழல் மரங்களில் ஏறி அளவாகக் கிளை கழிப்பதற்கென்று தனி ஆள் வேண்டும். கருப்பையா அந்த ஆள். எழுபது வயது மரமானாலும் ஏறுவார். ஆனால் அந்த வருடம் வரைக்கும் கூலிக் கணக்கு நோட்டில் கட்டைவிரலைத்தான் வைத்துக்கொண்டிருந்தார். லயத்தில் சாயங்காலங்களில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியார் வந்து போனார். மற்றவர்கள் நாலு நாள் போய்விட்டு நின்றுவிட, இவர் மட்டும் விடாமல் போய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். கைநீட்டம் வாங்கியதும் அவர் நேராகக் கணக்குப்பிள்ளையிடம் போய் மைப்பேனாவை இரவல் கேட்டார். ஸ்டோர் படியில் குந்தி உட்கார்ந்து, நோட்டின் வெள்ளை இடத்தில் ‘பேச்சிக்கு அப்பா’ என்று எழுதினார். இரண்டே சொற்களுக்கு அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

“நோட்டுல எழுதக் கூடாதுப்பா, கடையில வாங்க மாட்டான்” என்றார் கணக்குப்பிள்ளை.

“இது கடைக்குப் போற நோட்டு இல்லண்ணே. எம்மகளுக்கு. நான் எழுதுனது ஒண்ணாச்சும் அவகிட்ட கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, கருப்பையா அந்த மையை வாயால் ஊதி ஊதிக் காயவைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வைகாசியில் மரத்திலிருந்து விழுந்தார். கொப்பு முறிந்துவிட்டது என்றார்கள். ஜீப்பில் போட்டு வளைவு வளைவாகக் கீழே கொண்டுவரும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மழை நெருங்கிக்கொண்டிருந்ததால் அப்பா அந்த வாரமே பக்கத்துத் தேவாரம் ஊரிலிருந்து வேறொரு ஆளைக் கூட்டிவந்து மிச்ச மரங்களில் ஏற்றினார். அதை எங்கள் வீட்டில் யாரும் தப்பாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

கருப்பையாவின் மனைவி ராமுத்தாய் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கொட்டகையில் காய் பொறுக்க வந்தாள். முறத்தில் ஏலக்காயைப் பரப்பி, பெரிய காயைத் தனியாக, வெடித்த காயைத் தனியாகப் பிரிக்கும் வேலை. சனிக்கிழமைகளில் பேச்சியும் கூட வருவாள். அவளும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவளோடு பேசமாட்டேன், வீட்டில் விளையாட ஆள் இல்லாததால் பேசுவேன். இதை அவள் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. ‘வளரு, வளரு’ என்று என் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே சுற்றுவாள். அவளிடம் துருப்பிடித்த ஒரு ஜியோமெட்ரி பெட்டி இருந்தது. அதன் அடியில் விரித்த அட்டைக்குக் கீழே அந்த நோட்டை மடிக்காமல் வைத்திருந்தாள். எனக்கு ஒரு முறை காட்டினாள், தொடவிடவில்லை.

ஐப்பசியில் சமூக அறிவியல் டீச்சர், பள்ளிக்கூடத்தில் பழம்பொருள் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கி அதிகாரியின் மகள் எங்கள் வகுப்பில் இருந்தாள். அவள் மறுநாளே ஒரு தபால்தலை ஆல்பத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். டீச்சர் அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ‘பிள்ளைன்னா இப்படி இருக்கணும்’ என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அதுவரைக்கும் வகுப்பில் ஏலக்காய் முதலாளி மகள் என்று எனக்கிருந்த மரியாதை ஒரே நாளில் சரிந்த மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் என் கைநீட்ட நோட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதன் எண் கண்ணில் பட்டது. பத்து நோட்டும் ஒரே கட்டிலிருந்து வந்தவை என்பதால் பத்துக்கும் தொடர்ச்சியான எண் என்பதும் உறைத்தது. டீச்சரிடம் போய்ச் சொன்னேன். “நெசமாவா? வரிசையா பத்தும் கொண்டா, மேசையில உனக்குத்தான் மொத எடம்” என்றார். என் சேகரிப்பு ஆரம்பித்த கதை இவ்வளவுதான்.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு ஜீப்பில் மேலே போய் லயம் லயமாகக் கேட்டேன். நான் கேட்டால் யார் மறுப்பார்கள்? ஒருவர் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு பையனிடம் அவன் அப்பாவுக்குத் தெரியாமல் நாலு தேன்மிட்டாய்க்கு வாங்கினேன். ஒரு கிழவி சுருக்குப்பையிலிருந்து எடுத்தவள், கொடுக்க மனசில்லாமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டே, “சித்திரை வரைக்கும் கை மாறக் கூடாதும்பாங்க பாப்பா” என்றாள். நான் கையை நீட்டியபடியே நின்றேன். “சரி, மொதலாளி மக கேக்கும்போது இல்லைன்னு சொல்ல முடியுமா” என்று தந்துவிட்டாள். அந்த வருடம் அவள் வீட்டில் என்ன தங்கியது, என்ன போனது என்று நான் விசாரித்ததில்லை. மூன்று வாரத்தில் நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது வரைக்கும் வந்துவிட்டது. நாற்பத்தேழுக்கான ஏழாவது இடம் மட்டும் காலியாக இருந்தது.

பேச்சியிடம் கேட்டேன், மாட்டேன் என்றாள். என் வெள்ளிக்கொலுசைத் தருகிறேன் என்றேன், அதற்கும் மாட்டேன் என்றாள். அவள் எதற்கு மசிவாள் என்று யோசித்துக் கண்டுபிடித்தேன். இந்த விஷயத்தில் எனக்கு அப்பாவின் மூளை. “கண்ணாடிக்கு அடியில வைப்பாங்க பேச்சி. கீழ ஒரு அட்டையில, இது பேச்சியோட அப்பா கைப்பட எழுதுனதுன்னு நானே எழுதிவைக்கிறேன். பள்ளிக்கூடம் பூரா பாக்கும். உங்கப்பா எழுதினத ஹெட்மிஸ்ட்ரஸ் படிப்பாங்க” என்றேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அப்பா இல்லாத பிள்ளை என்று மட்டுமே அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளைத் தெரியும். பெட்டியைத் திறந்து அட்டையைத் தூக்கி, நோட்டை இரண்டு கையாலும் எடுத்து என் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் அவளே வைத்தாள். “கண்காட்சி முடிஞ்ச அன்னைக்கே குடுத்துரணும் வளரு” என்றாள். சத்தியம் பண்ணினேன். அப்போது உண்மையாகத்தான் பண்ணினேன் என்று நினைக்கிறேன், ஆனால் இதில் என் வார்த்தையை நானே அவ்வளவாக நம்புவதில்லை.

பத்தையும் வெள்ளை அட்டையில் வரிசையாக வைத்து டீச்சரிடம் காட்டியபோது அவர் கண் நேராக ஏழாவதில் போய் நின்றது. “இதென்ன கிறுக்கி வச்சிருக்கு? இது ஒண்ணு மொத்தத்தையும் அசிங்கமாக்குது. சுத்தமா இருந்தாத்தான் மதிப்பு” என்றார். அது இறந்துபோனவர் எழுதியது என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. பக்கத்தில் அந்தத் தபால்தலைக்காரி நின்றுகொண்டு உதட்டைக் கடித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நிறுத்த நான் அன்று எதையும் செய்திருப்பேன்.

அந்த ஞாயிறு தோட்டத்து ஸ்டோரில் காய் ஊறப்போடும் நேரம். ஆட்கள் மூட்டை தூக்கும் சோலியில் இருந்தார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் சோடாத் தண்ணீரை மொண்டுகொண்டு பின்பக்கம் போனேன். எதையும் சோடாவில் போட்டால் சுத்தமாகும், நிறம் நிற்கும், விலை ஏறும் என்பதுதான் பிறந்ததிலிருந்து நான் பார்த்த ஒரே பாடம். வேறு ஊர்ப் பிள்ளை என்றால் ரப்பர் வைத்து அழித்துப் பார்த்திருக்கும், கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். நான் ஏலக்காய் வீட்டுப் பிள்ளை, நோட்டை அந்தத் தண்ணீரில் முக்கினேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று ரொம்ப வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நீல மை கரைந்து தண்ணீரில் இறங்கியபோது ‘பேச்சிக்கு’ என்பது போய்விட்டது, ‘அப்பா’ என்பது மட்டும் மங்கலாக நின்றது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். கையை வெளியே எடுத்து, அவளிடம் ஓடிப்போய், பாதியாவது இருக்கிறது என்று கொடுத்திருக்கலாம். பாதி எழுத்துள்ள நோட்டு முழு எழுத்துள்ள நோட்டைவிட அசிங்கமாகத் தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றியது. கட்டைவிரலால் தேய்த்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. ஐந்தாறு தேய்ப்பில் அதுவும் போய்விட்டது. பிறகு உலர்த்தும் அறையில் ஏலக்காய் பரப்பிய தட்டின் ஓரத்தில் வைத்துக் காயவைத்து, வீட்டுக்கு வந்து துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிவிட வேண்டும்.

கண்காட்சியில் எனக்கு முதல் பரிசு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று கொடுத்தார்கள். பத்து நோட்டுகளுக்கும் கீழே ‘தொடர் எண் வரிசை, சேகரித்தவர் வளர்மதி’ என்று டீச்சர் அழகாக எழுதிவைத்திருந்தார். பேச்சி அன்று எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, துவைத்த ரிப்பன் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூட இரண்டு பிள்ளைகளையும், எங்கப்பா எழுதினதைப் பாருங்கடி என்று கூட்டிவந்திருந்தாள். மேசைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு நோட்டாகக் குனிந்து பார்த்தாள். முதலிலிருந்து கடைசிவரை போய், மறுபடியும் முதலில் இருந்து வந்தாள். கூட வந்தவர்கள், “எங்கடி?” என்றார்கள்.

“வளரு, எங்கப்பாவோடது எங்க?” என்றாள்.

“இந்தா இருக்குல்ல” என்று ஏழாவதைக் காட்டினேன்.

“இதுல எழுத்து இல்லையே.”

சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தபால்தலைக்காரியும் நின்றாள். நான் செய்தது என்னவென்று அந்த நேரம் வெளியே வந்தால் டிபன் பாக்ஸ் போய்விடும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. “உங்கப்பாவுக்கு ஏதுடி எழுத்து? அவரு கைநாட்டுத்தான?” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கூட்டிவந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். பேச்சி அழவில்லை. என்னையே பார்த்தாள், விளையாட்டுக்குச் சொல்கிறேன், இப்போது எடுத்துத் தந்துவிடுவேன் என்று கொஞ்ச நேரம் நினைத்திருப்பாள்போல. பிறகு அந்தக் கண்ணாடிமேல் கையை வைத்தாள். டீச்சர் வந்து, “ஏய், கண்ணாடியில கை வைக்காத, ரேகை பதியுது” என்று அதட்டினார்.

அடுத்த நாள் சனிக்கிழமை, ராமுத்தாய் காய் பொறுக்க உட்காருவதற்கு முன்னால் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றாள். அப்பா சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் இருந்தார். ராமுத்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. குரலை உயர்த்தாமல், “பாப்பா வெளையாட்டா எங்கயாச்சும் வச்சிருக்கும், கொஞ்சம் பாத்துத் தரச் சொல்லுங்கய்யா. அவரு எழுதுனது வேற ஒண்ணும் எங்ககிட்ட இல்ல” என்றாள்.

“ஒத்த ரூவாய்க்கு ஒரு பஞ்சாயத்தா?” என்று அப்பா எழுந்து பீரோவைத் திறந்து, அதே கட்டிலிருந்து ஐம்பத்தொன்றாம் எண் நோட்டை உருவிக்கொண்டு வந்தார். “இந்தா. அதே கட்டுத்தான், புதுசு.”

“இது எங்கப்பா எழுதுனது இல்ல. வளரு அத அழிச்சிருச்சு” என்றாள் பேச்சி.

அப்பா என்னைப் பார்த்தார். சித்திரை அன்று ஸ்டோர் படியில் அந்த மனிதர் குந்தி உட்கார்ந்து எழுதியதை நாற்காலியிலிருந்து பார்த்தவர் அவர். “அதுல எழுத்து ஏதும் இருந்துச்சாம்மா?” என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே அவருக்கு என்ன பதில் வேண்டும் என்பது இருந்தது.

“இல்லப்பா” என்றேன்.

ராமுத்தாய் பேச்சியின் கன்னத்தில் அறைந்தாள். அவளை அறைந்தது நானோ அப்பாவோ இல்லை, அவள் அம்மா. “மொதலாளி வீட்டுப் பிள்ளையப் பொய் சொல்லுதுங்கிறியா? இருக்கிற சோத்துலயும் மண்ணப் போட்டுராதடி” என்று மறுபடியும் அறைந்தாள். அறைந்த கையாலேயே ஐம்பத்தொன்றாம் நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “வர்றேங்கய்யா, வெரசா முடிக்கணும், இன்னைக்குக் காய் நெறைய கெடக்கு” என்று கொட்டகைக்குப் போனாள். பேச்சி அங்கேயே நின்றாள். கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தன. நான் உள்ளே போய்விட்டேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டாள்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேனா என்றால், இல்லை. கொடுத்தால் வரிசை உடைந்துபோகும்.

வருடங்கள் ஓடிவிட்டன. அப்பா இல்லை. தோட்டத்தை என் சித்தப்பா மகன் பார்க்கிறான். இப்போது ஆட்களுக்குச் சித்திரைக் கைநீட்டம் போனிலேயே போய்விடுகிறது, நூற்றொரு ரூபாய் விழுந்ததாக ஒரு சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். அதில் எழுத இடம் கிடையாது. ‘புலி’, ‘டிராக்டர்’, ‘கப்பல்’ என்றால் என் பிள்ளைகளுக்கே எதுவும் புரிவதில்லை. போன வருடம் மதுரையில் பழைய நோட்டு வாங்கி விற்கும் ஒருவரிடம் என் ஆல்பத்தைக் காட்டினேன். முதல் பக்கத்துப் பத்து நோட்டுகளையும் உறையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக விரல் நுனியில் சுண்டிப் பார்த்தவர், ஏழாவதில் நிறுத்தினார். “இத மட்டும் கழுவித் தேய்ச்சிருக்காங்க. சத்தம் செத்துருச்சு பாருங்க. ஏதாச்சும் எழுதியிருந்து அழிச்சிருப்பாங்க. எழுத்தோட இருந்திருந்தாக்கூட ஒரு கதை இருக்குன்னு எடுத்திருப்பேன்” என்றார். பேனா அழுத்திய தடமாவது மிஞ்சியிருக்குமா என்று கேட்டேன். இஸ்திரி போட்ட பிறகு அதுவும் இருக்காது என்றார்.

பேச்சி குரங்கணியில் டீக்கடை வைத்திருக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மலையேற வருகிற கூட்டமும் ஜீப்புகளும் நிற்கிற இடத்தில் கடை. நான் இறங்கி நடந்து வருவதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு காலத்தில் வளரு என்று கூப்பிட்டவள், “வாங்க, உக்காருங்க” என்றாள். டீயை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா போன தையில் இறந்துவிட்டதாகச் சொன்னாள். நான் உறையோடு அந்த நோட்டை எடுத்து மேசையில் வைத்து, நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“கூலி நோட்டுல கையெழுத்துப் போட்டிருப்பாருல்ல, அந்தத் தாளாச்சும் ஒண்ணு கெடைக்குமான்னு எங்கம்மா உங்கப்பாகிட்டப் போயிக் கேட்டுச்சு. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சுன்னுட்டாராம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு என் எதிரில் உட்கார்ந்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “எனக்கு நெனப்பே வரமாட்டேங்குது. நீங்க அத ரொம்ப நாளு கையில வச்சிருந்தீங்க, நல்லாப் பாத்திருப்பீங்க. எங்கப்பா எழுத்து எப்பிடி இருக்கும்? சாஞ்சிருக்குமா, நேரா இருக்குமா? பெருசு பெருசா எழுதுவாரா?”

அந்த நோட்டின் எண் 83 கே 294647. கையெழுத்திட்டிருப்பது எந்த நிதிச் செயலர், எண்ணெய் மேடைக்குக் கீழே அலை எத்தனை வரி, ஓரத்தில் எங்கே ஒரு மில்லிமீட்டர் குறைவாக வெட்டியிருக்கிறது எல்லாம் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடி யோசித்தேன். நீலமாக இருந்தது. அழுக்காக இருந்தது. எப்படிப் போகும் என்று மட்டுமே அதை நான் பார்த்திருக்கிறேன், எப்படி இருந்தது என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

“தெரியல பேச்சி” என்றேன்.

“சரி விடுங்க. டீ ஆறுது” என்றாள். ஜீப் ஒன்று வந்து நின்றது. அவள் எழுந்து, நோட்டை மறுபடி உறைக்குள் கவனமாகச் செருகி என் பக்கம் நகர்த்தினாள்.

“இது எனக்கெதுக்கு? நீங்களே வச்சுக்கங்க. உங்க வரிசையில ஒண்ணு கொறஞ்சு போயிரும்.”

ஆல்பத்தின் முதல் பக்கத்தில், நாற்பத்தாறுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில், அது அப்படியே இருக்கிறது.